ஹோராவின் மலைப்பாதை: மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் மீன்கள் எங்கிருந்து வந்தன?

1. கேள்வி

மழை ஓய்ந்து நீர் தெளிந்த ஒரு நாளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடை ஒன்றில் பாறை விளிம்பருகே குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். நீர் நுரைத்துக் கொட்டுகிற இடத்திலேயே, கல்லோடு கல்லாக ஒரு மீன் அசையாமல் ஒட்டியிருப்பது சற்று நேரம் கழித்துத்தான் கண்ணுக்குப் புலப்படும். விரல் நீளம்தான் இருக்கும். வயிறு தட்டையானது. மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் பக்கவாட்டில் விசிறியாக விரிந்து பாறையைப் பற்றியிருக்கும். வாய் தலைக்கு அடியில் இருக்கும். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டியபடியே அது ஓர் அங்குலம் முன்னேறும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதன் அறிவியல் பெயர் பவானியா ஆஸ்திராலிஸ். நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் அயிரைக்கு இது தூரத்து உறவு.

இந்த மீனின் குடும்பத்தார் வேறெங்கே வாழ்கிறார்கள்? கங்கைச் சமவெளியின் சேற்றுநீரில் அவர்களைப் பார்க்க முடியாது. தக்காணத்தின் மந்தமான ஆறுகளிலும் அவர்கள் இல்லை. வடகிழக்கு இந்தியாவின் மலைகளிலும், அவற்றுக்கு அப்பால் மியான்மர், தாய்லாந்து, மலேயா எனத் தென்கிழக்கு ஆசியா நெடுகிலும் அவர்கள் செழித்திருக்கிறார்கள். இடையில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வெற்றிடம். பறவை பறந்து கடக்கலாம், விதை காற்றில் போகலாம். நன்னீர் மீனுக்கு நிலமும் சுவர், கடலும் சுவர். ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு அது போயிருக்கிறது என்றால், அந்த இரு நீர்களும் ஏதோ ஒரு காலத்தில் கலந்திருக்க வேண்டும். ஆகவே மீனின் பரவலைப் படிப்பது நிலத்தின் வரலாற்றைப் படிப்பதற்கு ஒப்பானது.

தென்னக மலைமீன்கள் எங்கிருந்து, எந்த வழியாக வந்தன? ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் சுந்தர் லால் ஹோரா இதற்கு ஒரு விடை சொன்னார். அந்த விடையில் இன்று எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது, அந்தக் கேள்வியையே நாம் எப்படி மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயரிட்டவர்களின் காலம்

பரவலைப் பற்றிப் பேசுமுன் மீன்களுக்குப் பெயர் வேண்டும். தென்னிந்திய நன்னீர் மீன்களுக்கு ஐரோப்பிய அறிவியல் பெயரிடத் தொடங்கியதில் தரங்கம்பாடிக்கு ஒரு பங்குண்டு. அங்கிருந்த டேனிய மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினுக்கு அனுப்பினார். இந்திய மண்ணை மிதித்திராத மார்கஸ் பிளாக் என்னும் மருத்துவர் அவற்றை விவரித்து நூலாக்கினார். நம் விராலும் குறவையும் 1793இல் அப்படித்தான் அறிவியலுக்குள் நுழைந்தன. பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் 1801இல் இவற்றுக்கு இட்ட பெயர்களில் ‘வ்ரால்’ என்றும் ‘கர்ருவே’ என்றும் சொற்கள் இருக்கின்றன. கரையில் நின்று மீனைக் காட்டிய பெயரறியாத் தமிழர் ஒருவரின் குரல் லத்தீன் எழுத்துக்குள் சிக்கியிருப்பதாகவே அதை வாசிக்கத் தோன்றுகிறது.

பிறகு சென்னை ராணுவத்தின் மருத்துவர்கள் இருவர் இத்துறையை ஆண்டனர். 1849இல் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்கள் குறித்து எழுதினார். நாம் மேலே பார்த்த பாறை ஒட்டும் மீனை விவரித்தவர் அவரே. அடுத்து வந்த ஃபிரான்சிஸ் டே 1865இல் மலபார் மீன்கள் குறித்த நூலையும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் குறித்த பெருநூலையும் வெளியிட்டார். இவர்கள் காலத்தில் கேட்கப்பட்டது ‘இது என்ன மீன்?’ என்பதுதான். ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்ற கேள்வி அடுத்த நூற்றாண்டுக்கு உரியது.

3. சாத்பூரா கருதுகோள்

ஹோரா இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வளர்ந்தவர். 1947 முதல் 1955இல் இறக்கும் வரை அதன் இயக்குநர். பாய்ந்தோடும் மலை ஓடைகளில் உயிர்கள் எப்படி அடித்துச் செல்லப்படாமல் நிலைக்கின்றன என்பதே அவருடைய ஆரம்பகாலப் பெருங்கேள்வி. 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவரது நீண்ட ஆய்வு, பாறையைப் பற்றும் உறுப்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை மீன் மீனாக ஆராய்கிறது. ஓட்டத்தின் வேகம் உடலை வனைகிறது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அன்று எவருமில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி மிக முக்கியம்.

இந்த அறிவிலிருந்தே அவருடைய கருதுகோள் பிறந்தது. வேக ஓட்டத்துக்கென்றே உடல் அமைந்த மீன், வண்டல் நிறைந்த மந்தமான சமவெளி ஆற்றில் பிழைக்காது. எனவே வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு அது வந்திருந்தால், மலையிலிருந்து மலைக்கு அறுபடாத ஓடைகளின் வழியாகவே வந்திருக்க வேண்டும். 1941இல் ஹோஷங்காபாத் மாவட்டத்துச் சாத்பூரா ஓடைகளின் மீன்களை நாயருடன் சேர்ந்து ஹோரா பதிவு செய்திருந்தார். 1944இலும் 1949இலும் வெளிவந்த கட்டுரைகளில் பாதை முழு உருவம் பெற்றது: அசாம் மலைகளிலிருந்து காரோ, அங்கிருந்து ராஜ்மகால் குன்றுகள், விந்திய-சாத்பூரா தொடர், அதன் மேற்கு முனையில் திரும்பி மேற்குத் தொடர்ச்சி மலை வழியாகத் தெற்கே.

இந்தப் பாதையில் இரண்டு தடைகள் உண்டு. காரோவுக்கும் ராஜ்மகாலுக்கும் இடையே இன்று கங்கையும் பிரம்மபுத்திராவும் இறங்கிவரும் அகன்ற பள்ளம் கிடக்கிறது. அந்தப் பள்ளம் பிற்காலத்தில் உருவானது என்று ஹோரா கருதினார். இரண்டாவது, சாத்பூரா இன்று அவ்வளவு உயரமும் இல்லை, அவ்வளவு ஈரமும் இல்லை. அதன் மிக உயர்ந்த சிகரமான தூப்கட் ஏறத்தாழ 1,350 மீட்டர்தான். பனியூழிக் காலத்தில் அது உயர்ந்தும் குளிர்ந்தும் மழை மிகுந்தும் இருந்தது என்றும், குளிர்ச்சி வந்து வந்து போன ஒவ்வொரு சுற்றிலும் மீன்கள் அலை அலையாக நகர்ந்தன என்றும் அவர் வாதிட்டார்.

சிதறிக்கிடந்த தகவல்களை ஒரே கோட்டில் சேர்த்த துணிச்சல் இதன் பலம். மீனை மட்டுமல்லாமல் பறவை, தாவரம், நிலவியல் எல்லாவற்றையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்து, இந்திய உயிர்ப்புவியியலுக்கு ஒரு பொது மேடையை அமைத்துக் கொடுத்தது. பின்னால் வந்தவர்கள் ஏற்றாலும் மறுத்தாலும் அந்த மேடையில் நின்றுதான் பேசினார்கள்.

4. எழுந்த ஐயங்கள்

முதல் ஐயம் நெருங்கிய வட்டத்திலிருந்தே வந்தது. இ.ஜி. சைலஸ் 1952இல், ‘மலேயத் தொடர்புள்ளவை’ என்று சொல்லப்பட்ட தென்னக மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை கிழக்கிலுள்ள தம் உறவினர்களிடமிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தரம் பிரித்தார். விலகல் ஒரே அளவில் இல்லை. சில சிறிதே வேறுபட்டிருந்தன. சில தனிப் பேரினமாகவே பிரிந்திருந்தன. பல அலைகளாக வந்தன என்றால் இது பொருந்தும். ஆனால் பேரின அளவிலான விலகலுக்குப் பனியூழியின் இருபத்தாறு லட்சம் ஆண்டுகள் போதுமா என்ற கேள்வியை இந்தத் தரவரிசையே எழுப்பிவிடுகிறது.

இரண்டாவது ஐயம் நிலவியலைச் சார்ந்தது. சாத்பூரா அண்மைக் காலத்தில் அறுபடாத, உயர்ந்த, மழைமிகு தொடராக இருந்ததற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. மீன்களை விளக்க மலையை உயர்த்திவிட்டு, மலை உயர்ந்ததற்கு மீன்களையே சாட்சியாக அழைத்தால் வாதம் தன்னையே சுற்றிக்கொள்கிறது.

மூன்றாவது, இன்றைய பரவல். வடக்கிலிருந்து வந்திருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் வந்தவர்களின் தடம் அடர்ந்திருக்க வேண்டும். நிலைமை நேர்மாறானது. மலைத்தொடரின் தென்பாதியில், கேரளத்தின் சிறு ஆறுகளிலும் அவற்றை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும்தான் ஓரிடவாழ் மீன்கள் குவிந்திருக்கின்றன. ரஞ்சித் டேனியல்ஸ் 2001இல் ஓரிடவாழ் மீன்களை முன்வைத்துச் சாத்பூரா கருதுகோளை மறுபடி எடுத்துப் பார்த்தார். இதற்கு ஒரு மறுப்பும் சொல்லலாம்: வந்த வழி வறண்டபோது வழியில் இருந்தவை அழிந்தன, ஈரம் மிஞ்சிய தெற்கில் மட்டும் தப்பின. இது நியாயமான மறுப்பே. ஆனால் அப்படியானால் இன்றைய பரவல் பாதையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஈரம் எங்கே நிலைத்தது என்பதை மட்டுமே சொல்லும்.

பிரவீன் காரந்த் 2003இல் இந்த விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்தினார். இடைவெளிவிட்ட பரவலுக்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு: ஒரு பாதை வழியே பரவியது, ஒரு காலத்தில் எங்கும் பரந்திருந்து நடுவில் அழிந்தது, அல்லது உறவே இல்லாமல் ஒரே மாதிரிச் சூழலில் ஒரே மாதிரி உருவம் பெற்றது. மூன்றையும் பிரித்தறிய உருவ ஒற்றுமை போதாது, வம்சாவளி மரம் வேண்டும் என்பது அவர் வாதம். அதாவது, மரபணு வரிசைகளைக் கொண்டு யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று கணித்து வரையும் குடும்ப மரம்.

5. உருவம் ஏமாற்றும்போது

ஹோராவின் முறையில் இருந்த உண்மையான பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. இரண்டு மீன்களின் கதை இதை விளக்கும்.

முதலாவது பெரியாற்றின் லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். சென்னை மாகாண மீன்வளத் துறையின் சுந்தரராஜ் 1941இல் விவரித்த மீன். உடலின் பெரும்பகுதியில் செதில் கிடையாது. ஆனால் மலத்துளையையும் குதத் துடுப்பின் அடியையும் ஒட்டி, கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் ஒரு செதில் வரிசை. இந்த விநோத அடையாளம் இமயமலையின் குளிர்நீரில் வாழும் பனி ட்ரௌட் என்னும் கெண்டைக் கூட்டத்துக்கு உரியது. காஷ்மீரத்து மீனுக்கு ஓர் ஒற்றை உறவினர் தேக்கடிக்கு மேலே, கேரளத்து மழைக்காட்டில்! வடக்கிலிருந்து வந்த பாதைக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது? மரபணுக்களைப் படித்தபோது சாட்சி பிறழ்ந்துவிட்டது. இந்த மீனின் உறவு இமயத்துப் பனி ட்ரௌட்டுகளோடு இல்லை. மகசீர்களும் தென்னகத்து ஹிப்செலோபார்பஸ் கெண்டைகளும் அடங்கிய கூட்டத்தோடுதான். ஓட்டுச் செதில் இரண்டு இடங்களில் தனித்தனியே தோன்றிய ஒற்றுமை.

இரண்டாவது, ஹோமலோப்டெரா. ஓடை அயிரைக் குடும்பத்தின் இந்தப் பேரினம் மலேயா-இந்தோனேசியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது என்பது நீண்டகால நம்பிக்கை. மலேயத் தொடர்பு வாதத்தின் முக்கியத் தூண்களில் ஒன்று. 2015இல் ராண்டலும் பேஜும் அந்தப் பேரினம் ஒரே வம்சம் அல்ல என்று காட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களைப் பிரித்து ‘கட்சா’ என்ற புதுப் பேரினத்தை அமைத்தார்கள். பெயரிலேயே மலைத்தொடர் இருக்கிறது.

ஓட்டத்தின் வேகம் உடலை வனைகிறது என்று உலகுக்குச் சொன்னவர் ஹோரா. ஒரே வேகமுள்ள இரு ஓடைகள் ஒரே உடலை இருமுறை வனையலாம் என்பது அந்த வாக்கியத்தின் மறுபாதி. அவருடைய சொந்த அறிவே அவருடைய கருதுகோளுக்கு எதிரான மிக வலுவான வாதத்தைத் தன்னுள் வைத்திருந்தது. இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. மரபணு வரிசை என்றால் என்னவென்றே அறியப்படாத காலத்தில், கையில் உருவம் மட்டுமே இருந்த ஒருவர் உருவத்தைக் கொண்டு எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போனார்.

அதற்காக எல்லா உருவ ஒற்றுமையும் பொய் என்று தூக்கி எறிவதும் பிழை. பலிடோரா என்ற பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இன்றும் ஒரே பேரினமாகவே கொள்ளப்படுகிறது. இதைவிடப் பெரிய சான்று கெண்டை வகையினம் முழுவதுமே. மடகாஸ்கரிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் இயற்கையாகக் கெண்டை இனம் கிடையாது. இந்தியா அந்தத் தென்கண்டங்களோடு ஒட்டியிருந்த காலத்தில் இங்கே கெண்டைகள் இருந்திருந்தால் அங்கும் இருந்திருக்கும். ஆக, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய பிறகே கெண்டைகள் இங்கு வந்து சேர்ந்தன என்பது ஏறக்குறைய உறுதி. கிழக்கிலிருந்து வந்தார்கள் என்ற ஹோராவின் அடிப்படை உள்ளுணர்வு இங்கே நிற்கிறது. விழுந்தது அந்தக் குறிப்பிட்ட மலைவழியும், அந்தக் குறுகிய காலக்கணக்கும்.

6. பாதையே தேவைப்படாதவர்கள்

மறுபுறம், ஆசியாவிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லாத மீன்களும் இந்த மலையடிவாரத்தில் வாழ்கின்றன.

கேரளத்து விருந்தில் புகழ்பெற்ற கரிமீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே அதற்கு மிக நெருங்கிய உறவினர் ஆசியாவில் எங்கும் இல்லை; மடகாஸ்கரில் இருக்கிறார். இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மீன்கள் நிலத்தோடு சேர்ந்தே பிரிந்தன என்பது ஒரு தரப்பு. மறுதரப்பு புதைபடிவங்களைக் காட்டுகிறது: நாம் அறிந்த மிகப் பழைய சிக்லிட் புதைபடிவம் தான்சானியாவில் கிடைத்தது, வயது ஏறத்தாழ 4.6 கோடி ஆண்டுகள்தான். ஃபிரீட்மனும் குழுவினரும் 2013இல், புதைபடிவத்தையும் மூலக்கூறுகளையும் சேர்த்துக் கணித்து, கண்டங்கள் பிரிந்து நெடுங்காலம் கழித்தே சிக்லிட் குடும்பம் தோன்றியது என்றார்கள். அப்படியானால் அவை கடலைக் கடந்திருக்க வேண்டும். கரிமீன் உப்பங்கழியில் சுகமாக வாழும் மீன் என்பதால் இது நடக்காத காரியமல்ல. வேறு சில கணிப்புகள் குடும்பத்தின் வயதை இன்னும் பின்னுக்குத் தள்ளுகின்றன. விவாதம் முடியவில்லை. ஆயினும் இரு தரப்பில் எது வென்றாலும் கரிமீனின் வழி சாத்பூராவைத் தொடாது.

இன்னும் வியப்பானது காலுக்கடியில் இருக்கிறது. கேரளத்தின் செம்பாறைப் படுகைகளுக்குள் ஊறும் நிலத்தடி நீரில் மீன்கள் வாழ்கின்றன. வீட்டுக் கிணற்றில் வாளி இறக்குபவர்தான் பெரும்பாலும் அவற்றை முதலில் பார்ப்பார். 1950இல் ஏ.ஜி.கே. மேனன் கோட்டயத்துக் கிணறுகளிலிருந்து கண்ணற்ற, நிறமற்ற, விரற்கடை அளவேயுள்ள கெளுத்தி ஒன்றை விவரித்து, ஹோராவின் நினைவாக அதற்கு ‘ஹோராகிளானிஸ்’ என்று பெயரிட்டார். மலைவழியாக மீன்கள் வந்த கதையைச் சொன்னவரின் பெயரை, மண்ணுக்குள்ளேயே ஒடுங்கிவிட்ட ஒரு மீன் தாங்குகிறது. 2023இல் அதே பேரினத்தில் விவரிக்கப்பட்ட ஒரு சிற்றினத்துக்கு ‘பாப்புலை’, அதாவது மக்களுடையது, என்று பெயர். தங்கள் கிணற்றில் கண்டதைச் சொல்லி அனுப்பிய பொதுமக்கள் இல்லாமல் அந்த ஆய்வே இல்லை என்பதற்கான நன்றி அது.

2019இல் மலப்புறம் மாவட்டத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஏனிக்மாசன்னா விவாதத்தையே அசைத்தது. முதற்பார்வைக்கு விரால் உறவு. ஆனால் விராலுக்குக் காற்றைச் சுவாசிக்க உதவும் செவுள்மேல் உறுப்பு இதற்கில்லை. 2020இல் இதைத் தனிக் குடும்பமாகவே பிரித்தார்கள். விரால் குடும்பத்திலிருந்து இது பிரிந்தது 3.4 கோடி முதல் 10.9 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் கணிப்பு. இடைவெளி மிகப் பெரியது. ஒரு முனையை எடுத்தால் டைனோசர் காலத்து எச்சம், மறுமுனையை எடுத்தால் இந்தியா ஆசியாவை முட்டிய பிந்தைய காலத்தவர். ஆய்வாளர்கள் இதைத் தென்கண்டப் பழங்குடியின் எச்சம் என்று கருதுகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: ஆசியாவும் ஆப்பிரிக்காவும் பகிர்ந்துகொள்ளும் விரால் கூட்டத்தின் அடிமரத்துக்கு மிக அருகில் பிரிந்த கிளையொன்று, வேறெங்கும் இல்லாமல், நம் அண்டை மாவட்டங்களின் கிணற்றடியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

7. மலைக்குள்ளேயே நிகழ்ந்த பிரிவுகள்

‘எங்கிருந்து வந்தன’ என்று கேட்கும்போது, வந்தவை வந்தபடியே இருக்கின்றன என்று நம்மையறியாமல் கருதிக்கொள்கிறோம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு மதிப்பீடு மேற்குத் தொடர்ச்சி மலையில் 290 நன்னீர் மீன் சிற்றினங்களைக் கணக்கிட்டது. அவற்றில் 189, அதாவது ஏறத்தாழ 65 விழுக்காடு, வேறெங்கும் இல்லாதவை. இத்தனையும் வெளியிலிருந்து தனித்தனியே வந்திருக்க வழியில்லை. பெரும்பாலானவை இங்கேயே பிறந்தவை.

இதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். மேற்கே பாயும் ஆறுகள் குட்டையானவை. மலையில் பிறந்து விரைவிலேயே கடலில் கலந்துவிடும் ஒவ்வொன்றும் தனித்தீவு. பக்கத்து ஆற்றுக்குப் போக உப்புநீரைக் கடக்க வேண்டும் அல்லது மலைமுகட்டைத் தாண்ட வேண்டும். அரிதாக, அரிப்பு முன்னேறி ஓர் ஆறு பக்கத்து ஆற்றின் தலைப்பகுதியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்போது அதிலிருந்த மீன்களும் சேர்ந்தே இடம் மாறும். பிறகு கதவு மூடிவிடும். பிரிந்தவர்கள் தனித்தனியே மாறத் தொடங்குவார்கள். பாலக்காட்டுக் கணவாயும் ஆரியங்காவுக் கணவாயும் மலைத்தொடரையே துண்டாடி இந்தப் பிரிவை மேலும் ஆழப்படுத்துகின்றன.

வண்ணமீன் வணிகத்தில் உலகெங்கும் விலைபோகும் டெனிசன் கெண்டையை எடுத்துக்கொள்வோம். 1865இல் டே விவரித்த அந்த மீனுக்குச் சாலக்குடி ஆற்றில் தனியே ஓர் உடன்பிறப்பு இருப்பது 1999இல்தான் விவரிக்கப்பட்டது. மரபணு ஆய்வுகள் ஆற்றுக்கு ஆறு வேறுபடும் வம்சங்களை அதற்குள் காட்டுகின்றன. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. துடுப்பிலிருந்து இழை இழையாக நீளும் அழகிய கெண்டைக் கூட்டத்தில் ஒன்றைச் சைலஸ் 1954இல் தாமிரபரணியிலிருந்து விவரித்து ஆற்றின் பெயரையே அதற்கு இட்டார். உலகில் அதற்குத் தாமிரபரணியைத் தவிர வேறு வீடில்லை. நெல்லைச் சீமையின் அந்த ஓர் ஆறு கெட்டால் ஒரு சிற்றினம் முழுவதும் இல்லாமல் போகும்.

இலங்கையும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. பனியூழிகளில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்தபோது பாக் நீரிணை வறண்ட நிலமாகவே இருந்தது, நடந்தே போய்வரலாம். ஆகவே இரு கரைகளின் உயிர்களும் கலந்திருக்கும் என்றே நெடுங்காலம் நம்பினர். 2004இல் போசுய்ட்டும் குழுவினரும் தவளை, நண்டு, இறால், நன்னீர் மீன் எனப் பல கூட்டங்களை ஒப்பிட்டு, இலங்கையின் உயிர்வளம் பெரும்பாலும் தனித்தே பரிணமித்தது என்று காட்டினார்கள். நிலப்பாலம் இருந்தால் மட்டும் போதாது. அதன்மீது ஓடியது எந்த நீர் என்பதும் முக்கியம். வறண்ட தாழ்நிலம் குளத்து மீனுக்கு வழிவிடும். மழைக்காட்டு ஓடை மீனுக்கு அதுவும் சுவர்தான். சாத்பூராவுக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

8. மூன்று அடுக்குகள்

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே விடைக்கு இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மீன்வளம் மூன்று அடுக்குகளாகப் படிந்திருக்கிறது. அடியில், ஆசியாவோடு இணையுமுன்பே இருந்தவற்றின் எச்சமாகவோ, கடல்வழி வந்தவையாகவோ கருதத்தக்க பழங்குடிகள். அதன்மேல், ஆசியாவோடு இணைந்தபின் கிழக்கிலிருந்து பல காலங்களில், பல வழிகளில் வந்த கெண்டை, அயிரை, கெளுத்திக் கூட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆற்றுக்கு ஆறு பிரிந்து உண்டான, எண்ணிக்கையில் மிகப் பெரிய உள்ளூர் அடுக்கு.

ஹோராவின் கேள்வி இரண்டாவது அடுக்குக்குப் பொருந்தும். அங்கும் ஒரு மலைமுகட்டைத் தேடுவதைவிட, இந்தியாவின் பெரும்பகுதி இன்றைவிட ஈரமாக இருந்து, பின்னர் வறண்டு சுருங்கிய நீண்ட காலத்தைத் தேடுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதை என்ற படிமமே நம்மைத் திசைதிருப்பியிருக்கிறது. பாதையில் போகிறவர்கள் புறப்பட்டு, நடந்து, சேர்வார்கள். இங்கே நடந்தது பெரும்பாலும் வேறு: பரந்து கிடந்த ஒரு குளம் வற்ற வற்ற, ஆழமான குழிகளில் மட்டும் மீன்கள் மிஞ்சுவதுபோல.

9. சான்றே கலையும் காலம்

இந்த முடிவுகள் எல்லாமே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன: எந்த மீன் எந்த ஆற்றில் இயற்கையாக இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத்தான் கடந்த நூறாண்டுகளாக நாம் கலைத்துவருகிறோம்.

காவிரியின் திமில் மகசீர் இதற்கு வேதனையான சாட்சி. ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் எழுதிய தூண்டில் நூல் முதல் உலகப் புகழ்பெற்ற மீன் இது. 1946இல் கபினியில் பிடிபட்ட மகசீர் 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையிருந்தது. இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் இல்லாமலே ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 2018இல்தான், கேரளத்தில் அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவியே இந்தத் திமில் மகசீர் என்று பிண்டரும் குழுவினரும் நிறுவினார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் அபாய முத்திரை கிடைத்ததும் ஒன்றாகவே நடந்தன.

என்ன நடந்தது? புனே அருகே முளா-முட்டா ஆற்றிலிருந்து 1839இல் விவரிக்கப்பட்ட, கிருஷ்ணா படுகைக்குரிய நீலத்துடுப்பு மகசீரை லோனாவாலாவில் செயற்கையாகப் பெருக்கி, 1970கள் முதல் நல்லெண்ணத்தோடு வேறு ஆறுகளிலும் விட்டார்கள். காவிரியும் அவற்றில் ஒன்று. காலிபோர் தூண்டில் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பிடிபடும் மகசீர்களில் நீலத்துடுப்பு பெருகப் பெருகத் திமில் மகசீர் அருகிப்போனது வெளிப்பட்டது. ‘மகசீரைப் பெருக்கினோம்’ என்ற கணக்கு உண்மைதான். பெருகியது வேறு ஆற்றின் மகசீர். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாறு இன்று திமில் மகசீரின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

கலப்பு எப்போதும் மீனைத் தூக்கிச் சென்றுதான் நிகழ வேண்டும் என்பதில்லை. 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிந்தபின் மேற்கே பாயும் பெரியாற்று நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் மதுரையின் குடிநீருக்கும் அந்த நீர் உயிர். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இயற்கை பிரித்து வைத்திருந்த இரு படுகைகள் அன்று முதல் இணைந்தன என்பதை, வைகையிலோ பெரியாற்றிலோ ஒரு மீனைக் கண்டெடுக்கும் ஆய்வாளர் மறக்கக் கூடாது. லெபிடோபைகாப்சிஸ் வாழும் அதே பெரியாற்று ஏரியில் இன்று சாதாக் கெண்டையும், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் பெருகிக் கிடக்கின்றன.

10. முடிவாக

ஹோராவின் சாத்பூரா பாதை, அவர் வரைந்த வடிவில், இன்று நிற்கவில்லை. கிழக்கோடு உறவுண்டு என்ற அவரது அடிப்படை, கெண்டை, அயிரைக் கூட்டங்களைப் பொறுத்தவரை நிற்கிறது. அவரிடம் இல்லாத கருவியால் அவரது பிழை வெளிப்பட்டது. ஆனால் அவர் கேட்டிராவிட்டால் அந்தக் கருவியை எங்கே வைப்பதென்று நமக்குத் தெரிந்திருக்காது.

இனி இந்தக் கேள்வியின் விடை ஆய்வகத்தில் மட்டும் இல்லை. மாதிரி எந்த ஆற்றில், எந்த ஓடையில், எந்தக் கிணற்றில் கிடைத்தது என்ற ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரி உண்மையாக இருக்கவேண்டுமானால் அந்த ஆற்று மீன் அந்த ஆற்றிலேயே இருந்தாக வேண்டும். ஓர் ஆற்றில் மீன்குஞ்சு விடுமுன் ‘இது இந்த ஆற்று மீனா?’ என்று கேட்பதைச் சட்டமாகவும் வழக்கமாகவும் ஆக்குவது பாதுகாப்புக் கடமை, அறிவுக் கடமையும்கூட. பாறையில் ஒட்டியபடி ஓர் அங்குலம் நகரும் பவானியாவின் உடலில், நாம் வேறெங்கும் எழுதி வைக்காத பல கோடி ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை வாசிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறோம். வாசித்து முடிக்கும்வரை அந்த ஓடை ஓட வேண்டும்.